பிடுங்குவதா, காப்பாற்றுவதா? ஒரு கடைவாய்ப் பல்லின் முழுக் கணக்கு

போன ஆடி மாதம் ஒரு நாள் இரவு 2 மணிக்கு எழுந்து பார்த்தால், அம்மா கூடத்தில் உட்கார்ந்திருந்தார். கன்னத்தில் கை, பல்லிடுக்கில் கிராம்பு. "பகல்ல ஒண்ணும் தெரியலப்பா, படுத்தாத்தான் விண்விண்ணு தெறிக்குது" என்றார். விடிந்து பல் டாக்டரிடம் கிளம்பும்போதே முடிவும் எடுத்துவிட்டார். "பேசாம பிடுங்கிடச் சொல்லு. அறுபத்து மூணு வயசுல ஒரு பல்லுக்கு எதுக்குப் பத்தாயிரம்?"

நியாயமான கேள்வி. ஆனால் நாலு வருடத்துக்கு முன்னால் இதே கேள்வியில் பாதிக் கணக்கை மட்டும் பார்த்து முடிவெடுத்து, வாயின் அதே இடத்தில் ஒரு பல்லை இழந்தவன் நான். அதனால் அம்மாவுக்காக இந்த முறை கணக்கை முழுதாகப் போட்டுப் பார்த்தோம்.

முதலில் அந்தப் பல்லைப் பற்றி. அது கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப் பல். ஆறு வயது வாக்கில், பால் பற்களுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே முளைக்கும். எதுவும் விழவில்லை என்பதால் பல வீடுகளில் அதையும் பால் பல் என்று நினைத்து, "விழுந்து முளைக்கத்தானே போகுது" என்று சொத்தையைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறார்கள். அது போனால் மறுபடி முளைக்காது. மெல்லுவதில் பெரும் பாரத்தைச் சுமப்பதும் அதுதான். வீட்டில் ஆறேழு வயதுக் குழந்தை இருந்தால் இன்று இரவே டார்ச் அடித்துப் பாருங்கள்.

வலி சொல்லும் சேதி

பல்லின் மேலே எனாமல், அதற்குள் டென்டின், நடுவில் நரம்பும் ரத்த நாளமும் உள்ள கூழ். சொத்தை எதுவரை போயிருக்கிறது என்பதை வலியே ஓரளவுக்குச் சொல்லிவிடும். குளிர்ந்த தண்ணீர் பட்டதும் சுரீர் என்று கூசி, சில விநாடிகளில் அடங்கிவிட்டால், பெரும்பாலும் கூழ் இன்னும் தேறக்கூடிய நிலையில்தான் இருக்கும். சொத்தையைச் சுரண்டி எடுத்து அடைத்தால் போதும். அந்தக் கட்டத்தில் போனால் செலவும் குறைவு, வேலையும் ஒரே நாளில் முடியும்.

சூடு பட்டால் வலி, பட்ட வலி நிமிடக்கணக்கில் நிற்பது, எதுவும் படாமலே ராத்திரியில் தெறிப்பது. இவை வந்துவிட்டால் கூழ் திரும்பி வராத நிலைக்குப் போய்விட்டது என்று அர்த்தம். படுத்தால் கூடுவதற்குக் காரணம் இருக்கிறது. தலை தாழும்போது தலைப்பக்கம் ரத்த அழுத்தம் கூடும். நாலு பக்கமும் கெட்டிச் சுவருக்குள் அடைபட்ட கூழுக்கு வீங்க இடமே இல்லை. இந்தக் கட்டத்தில் வெறுமனே அடைத்து மூடுவது வீண்.

மருந்துக் கடையில் பல் வலி என்று சொன்னால் வலி மாத்திரையோடு ஆன்டிபயாட்டிக்கும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறார்கள். கூழிலிருந்து வரும் வலியை ஆன்டிபயாட்டிக் குறைக்காது. முகம் வீங்கியிருக்கிறது, காய்ச்சல் அடிக்கிறது, வாயைத் திறக்கவோ விழுங்கவோ முடியவில்லை என்றால் அது வேறு கதை. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், காத்திருக்கக் கூடாது. அப்புறம், பத்து நாள் துடித்த பல் ஒரு நாள் திடீரென்று அமைதியானால் ஆறிவிட்டது என்று நம்பாதீர்கள். நரம்பு செத்திருக்கும், கிருமி வேர் நுனியைத் தாண்டி எலும்புக்குள் இறங்கிக்கொண்டிருக்கும்.

அம்மாவுக்கு இருந்தது ராத்திரியில் தெறிக்கும் அந்த இரண்டாவது நிலை. இனி இருப்பது இரண்டே வழி, வேர் சிகிச்சை (ரூட் கெனால்) அல்லது பிடுங்குவது.

இன்றைய விலையும் மொத்த விலையும்

அன்று எங்களுக்குச் சொன்ன விலை இது. பிடுங்க 800 ரூபாய். ரூட் கெனால் 4,500, அதற்கு மேல் பல்லை மூடிப் போடும் கேப் 5,000. இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் யாருக்கும் பிடுங்கத்தான் தோன்றும்.

ஆனால் 800 ரூபாய் வாங்கித் தருவது ஓர் ஓட்டையைத்தான். அந்த ஓட்டையை நிரப்ப, பக்கத்துப் பற்கள் தாங்கும் பொய்ப் பல்லான பிரிட்ஜ் போட்டால் மூன்று கேப்புக்கு 15,000. எலும்பில் திருகிப் பொருத்தும் இம்ப்ளான்ட் என்றால், அதன் மேல் வைக்கும் பல்லோடு சேர்த்து 30,000. ஊருக்கு ஊர், கிளினிக்குக் கிளினிக் இந்தத் தொகை மாறும். ஆனால் வரிசை மாறாது. பல்லைக் காப்பாற்றும் செலவு, அதை எடுத்துவிட்டு நிலையான வேறொன்றை வைக்கும் செலவைவிடப் பெரும்பாலும் குறைவு. ஓட்டையை அப்படியே விட்டுவிடலாம் என்று முடிவு செய்தவர்களுக்கு மட்டும்தான் பிடுங்குவது உண்மையில் மலிவு. அப்படி விடலாமா என்பதைக் கொஞ்சம் கழித்துப் பார்ப்போம்.

பணத்துக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: சொத்தை போக ஈறுக்கு மேலே எவ்வளவு நல்ல பல் மிச்சமிருக்கும்? ஏறக்குறையச் சுற்றிலும் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் உயரத்துக்காவது உறுதியான பல் இருந்தால் கேப் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கும், பீப்பாயைப் பட்டை பிடிப்பது மாதிரி. அது இல்லாமல் ஈறு மட்டத்துக்குக் கீழே வரை சொத்தை தின்றிருந்தால், வேரை எவ்வளவு அழகாகச் சுத்தம் செய்தாலும் மேலே கட்டும் வீடு நிற்காது. அம்மாவின் எக்ஸ்ரேயை டாக்டர் திரையில் பெரிதாக்கிக் காட்டினார். பின்பக்கச் சுவர் போயிருந்தது, மற்ற மூன்று பக்கமும் நன்றாக இருந்தது. வேரைச் சுற்றி எலும்பும் உறுதி. "காப்பாத்தலாம்மா" என்றார். இந்தக் கேள்வியைக் கேட்காமலே உட்கார்ந்த உடனே ஊசி போடும் இடமாக இருந்தால், எழுந்து இன்னொருவரிடம் எக்ஸ்ரேயைக் காட்டிவிட்டு வாருங்கள்.

வேர் சிகிச்சையில் நடப்பது

ரூட் கெனால் என்றாலே பயங்கர வலி என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. மரத்துப்போகும் ஊசி போட்ட பிறகு, பல்லைப் பிடுங்கும்போது இருக்கும் உணர்வுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. ஒரே ஒரு விஷயம் உண்மை. கடும் அழற்சியில் இருக்கும் கீழ்க் கடைவாய்ப் பல் சில நேரம் முதல் ஊசிக்கு முழுதாக மரத்துப்போகாது. வலித்தால் கையைத் தூக்குங்கள், இன்னொரு ஊசி போடுவார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு தாங்க வேண்டியதில்லை.

அம்மாவின் பல்லைச் சுற்றி முதலில் ஒரு ரப்பர் விரிப்பை மாட்டினார்கள். வாய்க்குள் பச்சைக் குடை விரித்தது மாதிரி, நடுவில் அந்த ஒரு பல் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. எச்சிலும் கிருமியும் உள்ளே போகாமல் இருக்கவும், மெல்லிய ஊசி போன்ற ஃபைல் தவறித் தொண்டைக்குள் விழாமல் இருக்கவும் அது. பல கிளினிக்குகளில் இதைப் போடுவதில்லை. போடுவீர்களா என்று கேட்பதில் தவறே இல்லை. பிறகு கூழை எடுத்து, வேர்க் குழாய்களை ஃபைலால் அராவி, சோடியம் ஹைப்போகுளோரைட் என்ற மருந்து நீரால் திரும்பத் திரும்பக் கழுவினார்கள். வீட்டில் துணி வெளுக்கும் பிளீச்சில் இருப்பதும் அதே மருந்துதான். நீச்சல்குள வாசனை வந்ததாக அம்மா சொன்னார். கடைசியில் குழாய்களைக் கட்டா பெர்ச்சா என்ற பொருளால் அடைத்தார்கள். மலேசியக் காடுகளின் ஒரு மரத்துப் பாலில் கிடைப்பது.

கீழ்க் கடைவாய்ப் பல்லுக்குப் பெரும்பாலும் மூன்று குழாய், சிலருக்கு நான்கு. மேல் முதல் கடைவாய்ப் பல்லில் நான்காவது குழாய் பெரும்பாலும் இருக்கும், ஆனால் கண்ணுக்கு எளிதில் அகப்படாது. விட்டுப்போன குழாயில் மிஞ்சும் கிருமிதான் பல சிகிச்சைகள் தோற்கக் காரணம். அதனால் மேல் கடைவாய்ப் பல்லுக்கும், ஏற்கெனவே ஒருமுறை செய்து தோற்ற பல்லுக்கும், அதற்கென்றே எம்.டி.எஸ். என்ற மேற்படிப்பு படித்த வேர் சிகிச்சை நிபுணரிடம் (எண்டோடான்டிஸ்ட்) போவது கூடுதல் செலவுக்குத் தகும். முன் பல் என்றால் பெரும்பாலும் ஒற்றைக் குழாய்தான், அனுபவமுள்ள சாதாரணப் பல் டாக்டரே (பி.டி.எஸ்.) அருமையாகச் செய்துவிடுவார்.

கேப்: நான் விட்ட இடம்

எனக்கும் ரூட் கெனால் நன்றாகத்தான் செய்தார்கள். வலி அன்றே போனது. "கேப்பை அப்புறம் போட்டுக்கலாம்" என்று ஒரு வரி சொல்லித் தற்காலிக அடைப்போடு அனுப்பினார்கள். ஏன் போட வேண்டும் என்று அந்த கிளினிக்கில் யாரும் விளக்கவில்லை, நானும் கேட்கவில்லை. வலி இல்லாத பல்லுக்கு இன்னொரு 5,000 எதற்கு என்று தள்ளிப்போட்டேன். பதினாலு மாதம் கழித்து கிருஷ்ண ஜெயந்தி. உப்புச் சீடை ஒன்றைக் கடித்தேன். 'டக்' என்று சத்தம், வலியே இல்லை. நாக்கால் தடவினால் பல் இரண்டு பாதியாக அசைகிறது. நடுவில் பிளந்து வேர் வரை விரிசல். வேரோடு பிளந்த கடைவாய்ப் பல்லுக்கு எந்த டாக்டராலும் பிடுங்குவதைத் தவிர ஒன்றும் செய்ய முடியாது.

சொத்தையும் துளையும் சேர்ந்து உட்பக்கத்தைக் காலி செய்துவிட்ட பல் அது. மேலிருந்து கடிக்கும் அழுத்தம் ஆப்பு அடித்தது போல அதைப் பிளக்கும். கடைவாய்ப் பல்லுக்கு கேப் போடுவது அலங்காரம் இல்லை, சிகிச்சையின் இரண்டாம் பாதி. கேப்புக்குப் பணம் இல்லை என்றால் ரூட் கெனால் தொடங்கும் முன்பே அதைச் சொல்லிவிடுங்கள். விலை குறைந்த கேப் இருக்கிறது.

முழு உலோக கேப் அப்படிப்பட்டது. அதற்குப் பல்லைக் குறைவாகச் சீவினால் போதும், உடையவே உடையாது, விலையும் குறைவு. வெள்ளி நிறம் தெரியும், அவ்வளவுதான். சிரித்தால் தெரியாத கடைசிப் பல்லுக்கு இதை ஏன் எல்லோரும் ஒதுக்குகிறார்கள் என்று எனக்குப் புரிவதில்லை. உலோகத்தின் மேல் பீங்கான் பூசிய கேப் பல் நிறத்தில் இருக்கும். வருடங்கள் போனால் பீங்கான் சில் பெயரலாம், ஈறு ஓரத்தில் கறுப்புக் கோடு தெரியலாம். சிர்கோனியா என்ற பீங்கான் வகை உறுதியும் அழகும் சேர்ந்தது, விலை அதிகம். அம்மாவுக்குப் பீங்கான் பூசியது போட்டோம்.

எப்போது பிடுங்குவது சரி

இவ்வளவு சொன்னதால் எல்லாப் பல்லையும் காப்பாற்றியே தீர வேண்டும் என்று அர்த்தமில்லை. வேர் பிளந்த பல், ஈறு நோயால் எலும்பு கரைந்து எல்லாப் பக்கமும் ஆடும் பல், மேலே பிடிமானமே மிச்சமில்லாத பல் ஆகியவற்றில் பணத்தைக் கொட்டினால் அடுத்த வருடம் எப்படியும் பிடுங்கத்தான் போகிறோம். சொத்தையான ஞானப் பல்லுக்கும் பெரும்பாலும் பிடுங்குவதே போதும். மெல்லுவதற்கு அது தேவையில்லை.

மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்று எங்கள் பாட்டி காலத்திலிருந்து சொல்கிறார்கள். பல்லின் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. பிடுங்குவதால் பார்வை போகாது. இந்தப் பயத்தில் சீழ் பிடித்த பல்லை வருடக்கணக்கில் வாயில் வைத்திருப்பதுதான் ஆபத்து.

பிடுங்கிய குழியில் உறையும் ரத்தம்தான் புண்ணுக்கு மருந்து. முதல் 24 மணி நேரம் கொப்பளிக்கக் கூடாது, துப்பிக்கொண்டே இருக்கக் கூடாது, உறிஞ்சுகுழலில் குடிக்கக் கூடாது, பீடி சிகரெட் தொடவே கூடாது. உறைந்த ரத்தம் கழன்றுபோனால் எலும்பு வெளியே தெரிந்து, மூன்றாம் நாள் வாக்கில் காது வரை இழுக்கும் வலி வரும். வந்தால் மாத்திரையோடு வீட்டில் இருக்காமல் டாக்டரிடம் போங்கள், குழியைக் கழுவி மருந்து வைத்தால் அடங்கும்.

ஓட்டையை என்ன செய்வது

அப்படியே விடலாமா? கடைசிப் பல்லாக இருந்தால் பெரும்பாலும் விடலாம். எல்லாப் பல்லும் இருந்தாக வேண்டும் என்று மருத்துவமும் சொல்லவில்லை. ஜப்பானில் 1989-இல் '8020' என்று ஓர் இயக்கம் தொடங்கினார்கள், 80 வயதில் சொந்தப் பல் 20 இருக்க வேண்டும் என்று. மென்று சாப்பிட 20 போதும் என்பதுதான் அதன் அடிப்படை. ஆனால் நடுவில் இருக்கும் முதல் கடைவாய்ப் பல் போனால் நிலைமை வேறு. பின்பல் முன்பக்கம் சாயும். மேலே இருக்கும் பல், முட்டுக் கொடுக்க ஆள் இல்லாமல் மெல்லக் கீழே இறங்கும். சாய்ந்த இடுக்கில் சோறு சிக்கும், அடுத்த சொத்தை அங்கே தொடங்கும். எல்லோருக்கும் ஒரே வேகத்தில் இது நடக்காது, வயது குறைவாக இருந்தால் வேகம் அதிகம். எலும்பும் கரையும். பிடுங்கிய முதல் வருடத்திலேயே அந்த இடத்து எலும்பின் அகலம் ஏறக்குறையப் பாதி குறைந்துவிடும், அதிலும் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்தில். 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்பதற்கு ஒரு விலை இருக்கிறது.

கழற்றி மாட்டும் பல் செட் மிக மலிவு, எந்தப் பல்லையும் சீவ வேண்டாம். பல பல் போனவர்களுக்கு நல்ல வழி. ஒற்றைக் கடைவாய்ப் பல்லுக்கு மட்டும் என்றால், அதைத் தொடர்ந்து மாட்டிக்கொள்கிறவர்கள் குறைவு. எங்கள் சித்தப்பாவின் பல் அலமாரியில்தான் இருக்கிறது.

பிரிட்ஜ் என்பது இரண்டு பக்கத்துப் பற்களையும் சீவி கேப் போட்டு, நடுவில் பொய்ப் பல்லைத் தொங்கவிடுவது. அறுவை சிகிச்சை இல்லை, ஒன்றிரண்டு வாரத்தில் முடிந்துவிடும். அதன் விலை ரூபாயில் மட்டும் இல்லை. சீவிய எனாமல் திரும்ப வளராது. பக்கத்துப் பற்கள் இரண்டும் ஏற்கெனவே பெரிய அடைப்போடு, கேப் தேவைப்படும் நிலையில் இருந்தால் பிரிட்ஜ்தான் புத்திசாலித்தனம். இரண்டும் அப்பழுக்கில்லாத பற்கள் என்றால் எனக்கு மனசு வராது. போட்டுக்கொண்டவர்கள் பொய்ப் பல்லுக்கு அடியில் நூல் விட்டுத் தினமும் சுத்தம் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் தாங்கும் பல் உள்ளுக்குள் சொத்தையாகி, மூன்றும் சேர்ந்து போகும்.

இம்ப்ளான்ட் எந்தப் பல்லையும் தொடாது. டைட்டேனியம் திருகை எலும்பில் பதித்து, எலும்பு அதோடு ஒட்டி வளர்ந்த பிறகு மேலே பல் வைப்பார்கள். டைட்டேனியத்தோடு எலும்பு இப்படிப் பிணைவதை ஸ்வீடனின் பெர்-இங்வார் பிரோனெமார்க் 1950-களில் முயல்களில் ஆய்வு செய்தபோது கண்டார். 1965-இல் முதன்முதலாக ஒரு மனிதருக்குப் பொருத்தினார். நான் எடுத்த முடிவு இதுதான். பதிக்க அரை மணி நேரம், காத்திருக்க மூன்று மாதம். மேல்தாடை என்றால் எலும்பு மென்மை, இன்னும் கூடக் காத்திருக்கச் சொல்வார்கள். நன்றாக இருக்கிறது. ஆனாலும் அது என் பல் இல்லை. சொந்தப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவில் மெத்தை போல ஒரு நார்ப்படலம் உண்டு. சோற்றில் ஒரு சிறு கல் பட்டாலும் சட்டென்று சொல்லிவிடும். இம்ப்ளான்ட்டுக்கு அந்த உணர்வு கிடையாது. சொத்தை வராது என்றாலும் அதைச் சுற்றியுள்ள ஈறு நோய்ப்பட்டு எலும்பு கரையலாம், அதனால் வருடாவருடம் காட்டித்தான் ஆக வேண்டும். புகைபிடிப்பவர்களுக்கும் சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் தோற்கும் வாய்ப்பு அதிகம்.

அம்மாவின் முடிவு இந்த இடத்தில்தான் தெளிவானது. அவருக்கு எச்.பி.ஏ.1.சி. (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 9-க்கு மேல். பல்லை எடுத்துவிட்டால் சர்க்கரை இறங்கும் வரை இம்ப்ளான்ட் பேச்சே இல்லை. பக்கத்துப் பற்கள் இரண்டும் நல்ல பற்கள், பிரிட்ஜுக்குச் சீவ அவருக்கும் விருப்பமில்லை. அப்படியானால் பிடுங்குவது என்பது ஓட்டையோடு இருப்பதுதான். "சரி, இருக்கிறதையே வச்சுக்கறேன்" என்றார்.

எந்தச் சிகிச்சைக்கும் முன்னால் நீங்களாகவே டாக்டரிடம் சொல்ல வேண்டியவை சில. சர்க்கரை, ரத்த அழுத்தம், மாற்றிய இதய வால்வு, கர்ப்பம். ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைத் தாங்களாக நிறுத்தவே கூடாது. இதய டாக்டரும் பல் டாக்டரும் பேசி முடிவு செய்யட்டும். எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு முறை அலென்ட்ரோனேட் மாத்திரையோ, வருடம் ஒரு முறை ஊசியோ போடுகிற பெண்கள் நம் வீடுகளில் நிறைய இருக்கிறார்கள். அவர்களில் சிலருக்குப் பல் எடுத்த குழி ஆறாமல் தாடை எலும்பு பாதிக்கப்படலாம். கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள்.

பணம் மட்டுமே தடை என்றால், சென்னையில் 1953-இல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. புதுக்கோட்டையிலும் 2023 முதல் ஒன்று நடக்கிறது. தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் பேராசிரியர் மேற்பார்வையில் மாணவர்கள் செய்வார்கள். கட்டணம் கிளினிக்கைவிட நன்றாகவே குறைவு. விலையாக நீங்கள் தருவது நேரம். ஒரு பல்லுக்கு நாலைந்து தடவை போய் வர வேண்டியிருக்கும். ஒவ்வொரு கட்டத்தையும் ஒரு பேராசிரியர் வந்து பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்கு விடுவார் என்பதால், வேலையில் அவசரம் இருக்காது.

எங்கே செய்துகொண்டாலும் முன், பின் எக்ஸ்ரே இரண்டையும் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். இம்ப்ளான்ட் என்றால் எந்தக் கம்பெனி, என்ன அளவு என்று அச்சிட்ட ஸ்டிக்கரைக் கேட்டு வாங்குங்கள். பத்து வருடம் கழித்து வேறு ஊரில் திருகு இளகினால், அங்கே இருக்கும் டாக்டருக்கு எந்தச் சாவி பொருந்தும் என்பதை அதுதான் சொல்லும். என்னுடையதை அம்மாவின் எக்ஸ்ரேயோடு ஒரே கவரில் போட்டு, ரேஷன் கார்டு இருக்கும் டப்பாவில் வைத்திருக்கிறேன்.